பெட்டிக்கு நீர்மாலை

தம்பி ரஷ்யாவுக்குச் சமையல் வேலைக்கென்றுதான் போனான். போன இடத்தில் எதிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைக் கொடுத்து, காலாட்படையோடு சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். வடகரையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் பட்டாளம், மீதி போலீஸ். இவன் ஒருத்தன்தான் காக்கியே வேண்டாமென்று கரண்டி பிடித்தவன். அவனுக்குப் போய் இப்படி. யாரைப் பிடித்து அடிக்க?

போனில் சண்டையைப் பற்றிப் பேசவே மாட்டான். "அண்ணே, குளிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒடம்பெல்லாம் அரிக்கு. பனிய உருக்கிக் குடிக்கதுக்கே இங்கன அடிபிடியா கெடக்கு" என்பான். சாரல் விழுந்தால் குற்றாலமே கதியென்று கிடந்தவன். தலைகூடத் துவட்டாமல் பைக்கில் வந்து இறங்குவான். அம்மா துண்டோடு வாசலில் நின்று ஏசுவாள்.

பிறகு போனும் நின்றது. செத்துப்போனான் என்று சேதி வந்தது. உடலைக் கேட்டு நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்படி வந்தாலும் சரிலே. அவன ஒருதரம் குளிப்பாட்டித்தான் அனுப்புவேன்."

எங்கள் பக்கம் சாவு வீட்டில் பங்காளிகள் குடத்தில் நீர் எடுத்து வந்து உடலைக் குளிப்பாட்டுவோம். நீர்மாலை என்போம். ஆனி மாதம் அவன் உடல் பெட்டியில் வரப்போகிற அன்று, ஊர்க்குளத்தில்தான் எடுக்கணும் என்று பெரியப்பா முறைப்படி பேசினார். "அவன் அருவியில குளிச்ச பய" என்றாள் அம்மா. நான் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். சீசன் கூட்டம். சட்டையில்லாமல் குடத்தோடு நின்றவனைப் பார்த்து வரிசை தானாக விலகியது.

திரும்பி வந்தால் வாசலில் பெட்டி. ஆணி அடித்து, தகரம் வைத்து மூடியது. திறக்கவே கூடாது என்று உடன் வந்த அதிகாரி சொன்னார். கெஞ்சினேன், சண்டை போட்டேன். அவரும் பாவம், தூங்கிப் பல நாள் ஆனவர்போல இருந்தார். இத்தனை அலைந்தும் அம்மாவுக்கு அந்த ஒன்றைச் செய்து கொடுக்க முடியவில்லை.

அம்மா அழவில்லை. "சரி, பெட்டிக்கே ஊத்து. தல எந்தப் பக்கம்லே?" என்றாள்.

அதிகாரியைப் பார்த்தேன். அவர் பெட்டியைச் சுற்றி வந்தார். மேலே ரஷ்ய எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. பெரியப்பா குனிந்து தட்டிக்கூடப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

நான் இரண்டு பக்கமும் ஊற்றினேன். அம்மா உள்ளே போய் அவனுடைய துண்டை எடுத்து வந்தாள். ஒரு முனையைத் துவட்டினாள். பிறகு எழுந்து சுற்றிப் போய், மறுமுனையையும் அதே மாதிரி துவட்டினாள்.