சூடான அலுமினியமும் என் சகலனும்

வகுப்புக்கு ஆசிரியர் தேவைப்பட்டால் எழுத்தில் அறிவித்து, விண்ணப்பங்களைப் பெற்று, தகுதியை ஒப்பிட்ட பிறகே நியமிக்க வேண்டும் என்பது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விதி. ஜேர்மனியின் பான் நகரில் பெட்ரோல் எஞ்சின் பற்றிய சனிக்கிழமை வகுப்பு தொடங்கியபோது நடந்தது வேறு. ஒரு பிறந்தநாள் விருந்தில் நிர்வாகக் குழுவினர் என் மனைவியின் தங்கை கணவரிடம், "நீங்கள் செய்யுங்கோவன்" என்றார்கள். அவர் கோழிக்காலைக் கடித்தபடி ஓம் என்றார்.

நான் இந்த நாட்டிலேயே இயந்திரப் பொறியியல் படித்து, ஓய்வு பெறும்வரை உலோகச் சோதனைக் கூடத்தில் இருந்தவன். சகலனும் பொறியியலாளர்தான், விற்பனைப் பிரிவில். அந்த வகுப்பு எனக்கு வேண்டும் என்று நான் எவரிடமும் சொல்லவில்லை. விண்ணப்பம் கோருவார்கள் என்று காத்திருந்தேன்.

முதல் வகுப்புக்கு மனைவியோடு போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன். சகலன் ஒரு புல்வெட்டும் மெஷினைக் கொண்டு வந்திருந்தார். "இழுக்கும், நெரிக்கும், வெடிக்கும், துப்பும். அவ்வளவுதான் எஞ்சின்" என்றார். எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். அதே நான்கு அடிப்புகளை, அதாவது ஸ்ட்ரோக்குகளை, விளக்க நான் வீட்டில் வரைபடங்கள் வரைந்து வைத்திருந்தேன்.

பிறகு முற்றத்தில் மெஷினை ஓடவிட்டார். ஒரு மணிக்கு மதிய அமைதி நேரம் தொடங்கும். அதன்பின் சத்தம் கேட்டால் அயல்வீட்டார் யன்னலைத் திறந்து முறையிடுவார்கள். அதற்குள் புதிய ஸ்பார்க் பிளக் பூட்டி மறுபடி இயக்கிக் காட்ட நினைத்து, நிறுத்திய கையோடு பிளக் கழட்டும் சாவியை எடுத்தார்.

"தம்பி, ஆறவிடும். எஞ்சின்ரை தலை அலுமினியம். சூட்டிலை அது இளகிப்போய் இருக்கும், பிளக் எண்டா கெட்டி உருக்கு. திருகுப் புரியைப் பிச்சுக்கொண்டு வரும்" என்றேன்.

"அண்ணை எஞ்சினிட்டையும் டெர்மின் கேட்டு, அது நேரம் குடுத்தாப் பிறகுதான் கழட்டுவார் போலை" என்றார் சகலன்.

முற்றமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தார்.

பிளக் வந்தது, அலுமினியப் புரியின் துணுக்குகளோடு. வெட்கப்படுவார் என்று பார்த்தேன். அவரோ அதை உயர்த்திப் பிடித்து, "பாத்தியளே, அண்ணை சொன்னது இதைத்தான். இனி ஒருத்தரும் மறக்க மாட்டியள்" என்றார். கை தட்டினார்கள். ஓர் அக்கா கேட்டார்: "அடுத்த கிழமை என்னத்தை உடைக்கப் போறியள்?"

திரும்பும் வழியில் மனைவி, "அவர் சொன்னா விளங்குது" என்றார்.

"நான் சொன்னதைத்தானே அவர் சொன்னவர்?"

"ஓம். நீங்கள் சொல்லேக்கை பரீட்சை மாதிரி இருக்கு."

அன்றே விதியைச் சுட்டிக்காட்டி, முறையான தெரிவு கோரி, என் விண்ணப்பத்தையும் இணைத்து நிர்வாகக் குழுவுக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். அதற்கும் இல்லை. இதற்கிடையில் முற்றம் போதாமல் வகுப்பைப் பெரிய மண்டபத்துக்கு மாற்றினார்கள்.

கடைசியில் பதில் வந்தது. பிந்தியாவது அறிவிப்பு ஒட்டி, சகலனிடமும் ஒரு விண்ணப்பம் வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார்களாம். தகுதியில் நானே முன்னால் நிற்கிறேனாம். வருகிறவர்களையும் கேட்டுப் பார்த்து வகுப்பைச் சகலனுக்கே கொடுத்திருக்கிறார்களாம். ஆட்சேபிக்க நடைமுறையில் ஓர் ஓட்டையும் விடவில்லை. மனைவி கடிதத்தை வாசித்து மடித்து வைத்துவிட்டு, மறுநாள் வகுப்புக்கு வடை கொண்டுபோக உழுந்து ஊறப்போட்டார்.