நாய்க் கிண்ண வழக்கு

அடிலெய்டில், கிரென்ஃபெல் தெருக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் ராஸ் பெங்கெலியின் அலுவலகம் இருந்தது. எதிர் அறை ட்ரூடி லேமனுடையது. இருவரும் ஒரே வகுப்பில் சட்டம் படித்தவர்கள். ஐம்பத்து நான்கு வயதுக்காரர்கள். பார்ப்பதும் ஒரே வேலைதான். பதிப்புரிமை, வடிவுரிமை, ஒருவர் உருவாக்கியதை இன்னொருவர் காப்பியடித்தால் வழக்கு. தேநீர் போடும் அறை மட்டும் இருவருக்கும் பொது.

அந்த அறைக் குளிர்பெட்டியின் கதவில் யாரோ ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டியிருந்தார்கள். அதிலுள்ள படத்தில் ட்ரூடி சிரிக்கிறாள். பக்கத்தில் பர்ரா ஊர் டல்சி ஹெய்ன்ஸ், அவளுடைய ஆடு மேய்க்கும் நாய், நாயின் காலடியில் டல்சி உருவாக்கிய வட்டமான ஒரு தண்ணீர்க் கிண்ணம். நாடெங்கும் கிளைகள் உள்ள ஒரு பெரிய கடை அதே கிண்ணத்தைச் செய்து விற்றதை ட்ரூடி தடையாணை வாங்கி நிறுத்திவிட்டாள் என்று செய்தி. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ராஸுக்கு அந்தச் சிரிப்பு முகத்தில் இடித்தது. மூன்றாம் நாளிலிருந்து பாலில்லாமல் குடித்தார்.

அவருக்கு எரிச்சல் வரக் காரணம் இருந்தது. டல்சி முதலில் வந்தது அவரிடம்தான்.

"நாய் தண்ணி குடிக்கிற கிண்ணத்துக்கு உரிமை வாங்கி என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்கு வீண் செலவு" என்று அவர் அன்று சொல்லியிருந்தார்.

"வண்டி எவ்வளவு குலுங்கினாலும் தண்ணி சிந்தாது, ராஸ். ஒரு தடவை கையில வாங்கிப் பாருங்களேன்."

"சிந்தாததுக்கு வடிவுரிமை கிடையாதும்மா. பார்வைக்கு எப்படி இருக்குங்கறதுதான் கணக்கு. இதுல பார்க்க என்ன இருக்கு?"

அவர் கையில் வாங்கவில்லை. போகிற போக்கில் அவள், "போன வருஷம் எங்க ஊர் விவசாயக் கண்காட்சியிலயே கொஞ்சம் வித்துட்டேன், ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். எழுந்து, நன்றி சொல்லி, நேரே எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

செய்தி வந்து பத்து நாள் கழித்து சிட்னியிலிருந்து ஒரு வக்கீல் கூப்பிட்டார். அந்தக் கடைக்காரர்களுக்காக. டல்சியின் பதிவையே ரத்து செய்ய வேண்டும், உள்ளூரில் ஓர் ஆள் தேவை, ராஸ் எடுத்துக்கொள்வாரா?

ராஸுக்கு அந்தக் கண்காட்சி நினைவுக்கு வந்தது. பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் பொருளை ஊரறியக் காட்டிவிட்டால், பன்னிரண்டு மாதம் வரைதான் சட்டம் பொறுக்கும். பதிவேட்டில் தேதி பார்த்தார். கண்காட்சிக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவே பதினான்கு மாதம். ட்ரூடி கோட்டை விட்டிருக்கிறாள்!

ஆனால் அது டல்சி அவரை நம்பி, அவர் அறையில் உட்கார்ந்து சொன்னது. எதிர்ப்பக்கம் போய் அதைச் சொல்வது கூடாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். "யோசிச்சு சொல்றேன்" என்று போனை வைத்தார். வெளியே எங்கேயாவது தானாகக் கிடைத்தால் தப்பில்லையே என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை இரண்டு மணி நேரம் காரோட்டி பர்ராவுக்குப் போனார். நூலகத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளைப் புரட்டினார். கிடைத்தேவிட்டது. கண்காட்சிப் படம், டல்சி, நாய், நாய்க்குப் பின்னால் பாதி மறைந்த கிண்ணம். நகலெடுத்துக்கொண்டார். குளிர்பெட்டிக் கதவில் இதை ஒட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், உள்ளுக்குள் இனித்தது.

வெளியே வந்தால் டல்சியே நின்றாள். "அட, ராஸ்! எங்க ஊர்ல என்ன வேலை? வாங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க." பேக்கரியில் உட்கார வைத்து இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். "நீங்க அன்னைக்கு என்கிட்ட காசு பிடுங்காம உண்மையைச் சொன்னீங்க. எத்தனை பேர் அப்படி இருக்காங்க?" என்றாள். சட்டைப் பைக்குள் அந்த நகல் இருந்தது. பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை சிட்னிக்குக் கடிதம் எழுதினார்: அந்த அம்மாள் ஒருமுறை என்னிடம் ஆலோசனை கேட்டவர், இந்த வழக்கை நான் தொட முடியாது. அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நகலை எடுத்துக்கொண்டு ட்ரூடியின் அறைக்குப் போய் மேசைமேல் போட்டார்.

"பதினாலு மாசம், ட்ரூடி. இதைக் கவனிச்சியா நீ?"

ட்ரூடி படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இதுக்காகவா பர்ரா வரைக்கும் போனே?"

அவர் நகலை அவள் பக்கம் இன்னும் தள்ளினார்.

"டல்சி வந்த முதல் நாளே கண்காட்சி விஷயத்தைச் சொல்லிட்டாங்க. உன்கிட்ட முதல்ல போனதையும் சொன்னாங்க. அங்க வித்தது பழைய கிண்ணம்ப்பா. சதுரம். நாய் மறைக்குது, நல்லா பாரு, இந்த மூலை தெரியுதா? வட்டமா, விளிம்பு உள்பக்கம் மடிஞ்சு வர்றதை அப்புறம்தான் செஞ்சாங்க. உன்கிட்ட கொண்டுவந்தது புதுசு. நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலையாமே?"

ராஸ் குனிந்து பார்த்தார். மூலை தெரிந்தது. முப்பது வருடம் பொருள்களின் தோற்றத்தை வைத்தே பிழைத்தவருக்கு அது தெரியாமல் போயிருந்தது. தன் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினார். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததுதான் தாங்கவில்லை.

கடைக்காரர்கள் இரண்டு மாதத்தில் இறங்கி வந்து சமாதானம் பேசினார்கள். கட்டடத்தில் கேக் வெட்டினார்கள். ராஸ் ஒரு துண்டு தின்றார், கைதட்டினார், தலைவலி என்று சீக்கிரம் கிளம்பினார்.

அடுத்த வாரம் தரை ஓடு செய்கிற ஒருவர், தன் வேலைப்பாட்டைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று அவரைத் தேடி வந்தார். எதிராளி ட்ரூடியின் பழைய கட்சிக்காரராம். அதனால் அவள் இவரை இங்கே அனுப்பியிருந்தாள். அவளுக்கு ஆகாததா நமக்கு என்று ராஸுக்குச் சுருக்கென்றது.

"ட்ரூடி என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"எதையும் பொறுமையா, உத்துப் பார்ப்பீங்கன்னு சொன்னாங்க."

குத்திக் காட்டுகிறாளா, மனசாரச் சொன்னாளா என்று அவருக்கு விளங்கவில்லை. "ஓடு எங்கே, கொடுங்க" என்றார், கொஞ்சம் கடுப்பாகவே. இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.