பிஷப்புக்குக் குளியல் வேண்டாம்

கன்னமுல்லாவைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளைப் பழுது பார்த்தே வாழ்ந்தவர் க்ளாரி டூலன். இப்போது சட்டைப் பொத்தான் போடவே நான் வேண்டும். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிப்பது என் வேலை. எனக்கும் வயது குறைவில்லை.

இலையுதிர் காலத்தில் அவர் மனைவி மேவிஸ் இறந்தாள். அடக்கத்தன்று அவர் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். பிறகு அவர் விடாமல் செய்த ஒரே காரியம், அவள் வளர்த்த தாடி ஓணானைக் குளிப்பாட்டுவது. அதற்கு பிஷப் என்று பெயர் வைத்திருந்தாள்.

எங்கள் பக்கம் குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலையில் ஒரு காலை நான் போனபோது பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் பிஷப் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். வாலடியில் சதை வற்றி, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

“குளிர் வந்ததுல இருந்து அசைய மாட்டேங்குது, எனிட். வெந்நீர்ல போட்டா கண்ணத் திறக்குது. அதான் தினமும் போடுறேன்.”

“காட்டுல எந்த ஓணான்யா ஜூலையில குளிக்குது? குளிர் முடியுற வரைக்கும் அது தூங்கும். எழுப்பி எழுப்பி ஒடம்புல இருந்த கொழுப்பெல்லாம் தீர்த்துட்ட. இன்னும் கொஞ்ச நாள் போனா நீயே கொன்னுருவ.”

“மேவிஸ் குளிப்பாட்டுவாளே.”

“வெயில் காலத்துல. போன குளிருல குளிப்பாட்டுனாளா?”

யோசித்தார். “தெரியல. நான் பப்புல இருந்தேன்.”

ஓணானை ஈரம் போகத் துடைத்து, மணல் பெட்டியில் விட்டு, அடுப்பின் சூடு எட்டாத மூலையில் வைத்தேன்.

“செப்டம்பர் வரைக்கும் கை வைக்காத.”

“செத்துப்போனா எப்படித் தெரியும்?”

“நாத்தம் அடிக்கும்.”

“நர்ஸு வேலைக்கு வாய் பார்த்துத்தான் ஆள் எடுக்குறாங்களா?”

“வாய் இல்லன்னா உன்னையெல்லாம் குளிக்க வைக்க முடியுமா?”

அவர் சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேவிஸும் கடைசியில தூங்கிட்டேதான் இருந்தா. நான் எழுப்பல.”

“எழுப்பாம விட்டதுதான் சரி.”

அவர் தொட்டி நீரில் கையை விட்டுப் பார்த்தார். இன்னும் சூடு இருந்திருக்கும். நான் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது, தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார். கால்சட்டையெல்லாம் நனைய, நீரை மெதுவாகப் புதரடியில் ஊற்றினார். தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.