மாஸ்ட்ரோ லத்தான்சியோ முடிக்காத முகம்

1487 மார்ச் 25, ஃபுளோரன்ஸ் கணக்கில் புத்தாண்டு நாள்: முன்பணம், 20 ஃப்ளோரின்.
1487 ஜூன் 3: நீலக்கல் பொடிக்கு, 9 ஃப்ளோரின்.
1487 ஜூலை 11: தங்கத் தகட்டுக்கு, 6 ஃப்ளோரின்.
1487 செப்டம்பர் 1: மரப்பலகைக்கு, இரண்டாம் முறையாக, 4 ஃப்ளோரின்.

இவ்வளவையும் வாங்கிக்கொண்டவர் ஃபுளோரன்ஸ் நகரத்து மாஸ்ட்ரோ லத்தான்சியோ. ஓவியர், பொறிவல்லுநர் என்று இரண்டு பட்டங்களைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவர். கொடுத்தவர் பக்கத்து ஊரான பிராத்தோவில் துணிக்குச் சாயம் தோய்க்கும் கெரார்தோ.

மாஸ்ட்ரோ ஒரு கோழி வியாபாரியின் மகன். ஐம்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்து முடித்த படங்கள் மூன்று. அதில் ஒன்றில் புனிதருக்கு வலது கையில் ஆறு விரல். தொடங்கி விட்டவை எத்தனை என்று எண்ணப் புகுந்தவர்களும் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்; அந்த வகையில் அவருக்கு நல்ல சீடர்கள் உண்டு. ஆர்னோ ஆற்றின் மேல் நடப்பதற்குச் செருப்பு செய்தார். இரண்டு மீனவர்கள் வலை வீசி அவரை வெளியே எடுத்தார்கள். கெரார்தோவின் சாயத்தொட்டியைத் தானாகவே கலக்குவதற்கு ஒரு சக்கரம் செய்து தந்தார். தொட்டி உடைந்து தெருவெல்லாம் சிவந்தது. பாதிரியாரின் வெள்ளைக் கழுதை கோடை முழுவதும் கார்டினலின் அங்கி நிறத்தில் திரிந்தது.

"சக்கரத்துல ஒரு குறையும் இல்ல. உங்க தொட்டிதான் சொத்தை," என்றார் மாஸ்ட்ரோ.

இப்படிப்பட்டவரிடம்தான் சாயக்காரர்களின் சிற்றாலயத்துக்கு மாதா படம் வரையச் சொல்லியிருந்தார் கெரார்தோ. படத்தின் அடியில், செலவை ஏற்றவரின் குடும்பம் மண்டியிட்டிருக்க வேண்டும். அதற்காக மாஸ்ட்ரோ ஜூன் மாதம் பிராத்தோவுக்கு வந்து, முயல் கறியும் மதுவும் முடித்து, கெரார்தோவின் ஒரே மகள் தெஸ்ஸாவைக் கரிக்கோலால் ஒரு தாளில் வரைந்தார். நன்றாக வரைந்தார், அதை மறைப்பதற்கில்லை. சிரிப்பை அடக்கும்போது அவள் கீழுதட்டைக் கடிப்பாள். அது அப்படியே தாளில் இருந்தது. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்டில் தெஸ்ஸா காய்ச்சலில் இறந்துபோனாள். வயது பதினாறு.

வசதியுள்ள வீடுகளில், இறந்தவரின் முகத்தை மூடுமுன் அதன்மேல் சாந்து பூசி அச்செடுத்து வைப்பார்கள். அதற்கான ஆள் வாளியோடு வாசலில் வந்து நின்றான். கெரார்தோ அவனைத் திருப்பி அனுப்பினார்.

"வேணாம்பா. செத்த முகம் எதுக்கு? மாஸ்ட்ரோகிட்ட அவ உசுரோட இருக்கா."

"எடுத்துட்டுத்தான் போகட்டுமே. எதுக்குங்க திருப்பி அனுப்புறீங்க?" என்றாள் மனைவி பீச்சே.

"கண்ணை மூடிட்டுக் கெடக்கறதைத் தினம் பார்க்கணுமா நீ?"

அக்டோபரில் கெரார்தோ ஃபுளோரன்ஸ் போனார். மாஸ்ட்ரோவின் பட்டறை நடுவே தோணி அளவுக்கு ஒரு இறக்கை கிடந்தது.

"வாங்க சாயக்காரரே, சரியான நேரம்! மனுஷன் பறக்கப் போறான்."

"எந்த மனுஷன்?"

"ஒரு தச்சனைப் பேசி வச்சிருக்கேன். எனக்கு முழங்கால் வலி."

"என் பொண்ணு படம் எங்க?"

"பலகை இன்னும் காயலை."

"மொதப் பலகையா, ரெண்டாவதா?"

"மொதப் பலகைலதானே இந்த இறக்கைக்குக் கட்டை அறுத்தேன்."

"சரி, படமே வேணாம். அந்தத் தாளைக் குடுங்க. வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கறேன்."

மாஸ்ட்ரோ தாடியைத் தடவினார். "இறக்கைக்குத் துணியைவிடத் தாள் லேசுங்க. இதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சேன். பட்டறைல இருந்த தாளையெல்லாம் பசை போட்டு ஒட்டி..."

"அந்த இறக்கை எங்க?"

"பாலத்துலேர்ந்து விட்டோம்."

"எங்க விழுந்துச்சு?"

"விழலை, இறங்குச்சு."

"எங்கய்யா இறங்குச்சு?"

"ஆத்துல."

கெரார்தோவின் கை பக்கத்தில் கிடந்த உளியை எடுத்துவிட்டது. மாஸ்ட்ரோ இரண்டடி பின்வாங்கி நெற்றியைத் தட்டிக் காட்டினார். "பதறாதீங்க! ஒருதடவை பார்த்த முகம் இங்கேர்ந்து போகாது. நினைவுலேர்ந்தே வரைஞ்சுடுவேன்."

அந்தத் தலைக்குள் மகள் இருக்கிறாள் என்று சொன்னதால்தான் கெரார்தோ உளியைக் கீழே வைத்தார்.

"அவர் தலைலயா?" என்றாள் பீச்சே, வீட்டில் கேட்டதும். "அங்க எந்தப் பொருளுங்க உருப்படியா இருந்திருக்கு?"

அடுத்த ஆண்டே மாஸ்ட்ரோ மிலான் போய் ஒரு பிரபுவின் சம்பளத்தில் அமர்ந்துகொண்டார். அங்கிருந்து கடிதம் வரும். ஈஸ்டருக்குள் முடியும் என்றது ஒன்று. மிலான் பனியில் எண்ணெய்ச் சாயம் காய்வதில்லை என்றது இன்னொன்று. மூன்றாவது, பெண்ணின் கண் கறுப்பா பழுப்பா என்று விசாரித்தது.

பீச்சே அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. கெரார்தோ பதில் எழுத உட்கார்ந்தார். பழுப்பு என்று எழுதினார். கன்னத்தில் மச்சம் என்று எழுதி, எந்தப் பக்கம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"இடதுதானே பீச்சே?"

"வலது."

"இடது மாதிரிதான் எனக்கு..."

"எனக்கும் இப்ப சரியாத் தெரியலைங்க," என்றாள் அவள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

இன்று ஃபுளோரன்ஸில் மாஸ்ட்ரோவின் இறக்கைப் படங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பட்டுக் கையுறைக்காரர்கள் வந்து குனிந்து பார்த்து, காலத்துக்கு முந்திப் பிறந்தவர் என்று தலையாட்டுகிறார்கள். ஒப்புக்கொண்ட எந்தக் கெடுவுக்கும் அவர் முந்தி வந்ததில்லை. தச்சனுக்கு இரண்டு காலும் போனதை யாரும் கண்ணாடிக்குள் வைக்கவில்லை.

கடைசிக் கடிதத்தை எழுதியவர் மாஸ்ட்ரோவின் மிலான் வீட்டுக்காரர். விலாங்கு மீனை அளவில்லாமல் தின்று மாஸ்ட்ரோ இறந்துவிட்டார். அறையில் பிராத்தோவுக்கு என்று குறித்த பலகை ஒன்று சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அதிசயமாக அது முடிந்திருக்கிறது. நீல ஆடையில் மாதா. அடியில் மண்டியிட்டபடி சாயக்காரர் ஒருவர், அவர் மனைவி. இருவருக்கும் நடுவே, மகளுக்கு என்று விட்டிருந்த இடத்தில், கையில் இறக்கையோடு ஒரு தாடிக்காரர். சாடை அப்படியே மாஸ்ட்ரோதான். பலகையை அனுப்பவா, விற்றுவிடவா என்று கேட்டு முடித்திருந்தார் வீட்டுக்காரர். அந்தக் கடிதம் பிராத்தோவுக்கு வந்து சேர்ந்தது 1497 நவம்பர் 14.