நாற்காலிக்குப் பின்னால்

என் அப்பாவுக்கு மூன்று நீதிபதிகளின் பிடரி நன்றாகத் தெரியும். முகம் அவ்வளவாகத் தெரியாது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் முதல் கூடத்து டவாலி அவர். நீதிபதி வரும்போது நாற்காலியை இழுத்துக் கொடுத்து, உட்கார்ந்ததும் முன்னே தள்ளி, அவர் எழும்வரை அதற்குப் பின்னால் நிற்பதுதான் வேலை. இருமக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. மற்ற ஊழியர்கள் அவரைத் ‘தூண்’ என்று கூப்பிட்டார்கள்.

எந்த நீதிபதியும் எழும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்காலி தானாக நகரும் என்ற நம்பிக்கையில் எழுவார். ஆகவே அவர் எழப்போவது அப்பாவுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். தோள் கொஞ்சம் இறங்கும், மூக்குக் கண்ணாடி கைக்கு வரும். அப்பா ஓரடி முன்வந்து நாற்காலியின் முதுகைப் பிடிப்பார். எதிரே நிற்கும் வக்கீல்கள் நீதிபதியின் முகத்தைவிட அந்தக் கையைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள். கை நாற்காலிக்கு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். பேசுகிறவர் சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொண்டு காகிதங்களை அடுக்குவார், கூடம் முழுக்க எழுந்து நிற்கும். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. வெறும் பழக்கம்.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. யார் சாப்பிட்டு எழுந்தாலும் நாற்காலியைப் பிடிக்கப் போய்விடும். “இந்தக் கோர்ட்டுக்கு நான்தான் ஜட்ஜ். நீங்க பேசாம உட்கார்ந்து சாப்பிடுங்க” என்பாள் அம்மா.

அப்பா முதலில் நின்றது, கையால் எழுதி அனுப்பிய ஒற்றைத் தாளையும் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னவருக்குப் பின்னால். அதற்கு முன்பு வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அந்தக் கட்டடம் வாசலில் நின்று பார்க்க மட்டுமே. இரண்டாமவர், அரசாங்கத்தில் எவ்வளவு பெரியவர் என்றாலும் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டவர். கோபம் வந்தால் அவருடைய காது மடல் சிவக்கும். எதிரே இருப்பவர்களுக்குத் தெரியாத அந்தச் சிவப்பை அப்பா மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மூன்றாமவர் அந்த இடத்தில் உட்கார்ந்த முதல் பெண். கணவன் இறந்த பிறகு, அவனோடு வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியைப் புகுந்த வீட்டார் வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பு எழுதியவர். கூடவே மன்றத்துக்குள் ஒரு விதியையும் கொண்டுவந்தார். நீதிபதியின் அருகில் வேலை செய்கிற யாருக்காவது உறவான ஒருவரின் வழக்கு அதே கூடத்துக்கு வந்தால், அந்த ஊழியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் நீதிபதி விலகிக்கொள்வார், வழக்கு வேறு கூடத்துக்குப் போகும். அதற்கு முன்பு அங்கே யாருக்கு யார் மாமா, யாருக்கு யார் மச்சான் என்பதை யாரும் கேட்டதில்லை. அந்த விதியை அப்பா எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. என் அத்தை. மாமா இறந்ததும் அவருடைய தம்பிகள், அத்தை வாழ்ந்துகொண்டிருந்த வீட்டை வெளியாள் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். புகுந்த வீட்டார் வெளியேற்றக் கூடாது, சரி. வாங்கியவர் வெளியேற்றலாமா? இந்த ஒரு கேள்வி கீழ்க் கோர்ட்டில் அத்தைக்குச் சாதகமாகவும் அதற்கு மேலே பாதகமாகவும் போய், கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து நின்றது. அத்தைக்குக் கோர்ட்டின் மொழி தெரியாது. நீதிபதியம்மாவின் பழைய தீர்ப்பை நான் நம் பேச்சில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு பகுதியை மறுபடி சொல்லச் சொன்னாள். அடுப்படியில் நின்று பழகிய இடமும் ஒருத்திக்கு உரிமைதான் என்ற பகுதி.

“என்னைப் பார்த்துட்டு எழுதின மாதிரி இருக்கு” என்றாள்.

வழக்குப் பட்டியலைக் கூடத்தின் கதவில் ஒட்டுவார்கள். அப்பா அதில் அத்தையின் பெயரைப் பார்த்த அன்று மதியம் சாப்பிடவில்லை. பக்கத்துக் கூடத்து டவாலி, எதற்கும் சிரிக்கிற மனிதர், விஷயத்தை முகத்திலேயே பிடித்துவிட்டாராம். அப்பா உறவைச் சொன்னால் வழக்கு அந்தப் பக்கத்துக் கூடத்துக்குத்தான் போகும். “எங்க ஐயா நல்லவர்தான் தூணு. ஆனா ‘வாங்கினவன் பாவம்’னு ஆரம்பிச்சா கதவைச் சாத்திட்டுத்தான் நிறுத்துவாரு” என்றார் அவர். அதே மாதிரி வழக்குகளில் அந்த நீதிபதி வாங்கியவர் பக்கமே நின்றிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சாயங்காலம் அத்தை வந்தாள். வழக்கு யார் முன்னால் வருகிறது என்று வக்கீல் சொல்லி முகம் மலர்ந்து வந்திருந்தாள். அப்பா விதியைச் சொன்னார். அத்தை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அசையவில்லை.

“நீ என்ன அண்ணா, தீர்ப்பா எழுதப் போற? நாற்காலிதானே பிடிக்கிற?”

“நான் பிடிக்கிறது அவங்க நாற்காலி.”

“சொன்னா என் வீடு போயிடும். சொல்லலைன்னா யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு.”

லீவு போடு என்றாள் அம்மா. லீவு போட்டாலும் உறவு உறவுதான் என்று தலையாட்டிவிட்டு அப்பா எழுந்தார், தன் நாற்காலியையே பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாதவர்போல அங்கேயே நின்றார். விசாரணைக்கு முந்திய நாட்களில் தினமும், சொல்லிவிடுவது என்று போனார், சொல்லாமல் வந்தார். நீதிபதியம்மா அங்கியை மாட்டும் அறையில் இரண்டு கைகளையும் பின்னுக்கு நீட்டுவார், அப்பா அங்கியைப் பிடிப்பார். சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. வாயைத் திறந்தால் தங்கையின் வீடு போகும். மூடினால், எதிரே கைநீட்டி நிற்பவர் போட்ட விதி பொய்யாகும். அங்கி தோளில் ஏறிவிடும். கதவு திறந்துவிடும்.

விசாரணை அன்று நடந்ததில் அப்பா சொன்னது பாதி, அத்தை சொன்னது பாதி.

அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைத் தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்தக் கூடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவும் நீதிபதியின் பிடரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அவர் வேறெங்கும் பார்த்தது அன்றுதான்.

அத்தையின் வக்கீல் அப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வந்திருந்தார். வீட்டை வாங்கியவர், உள்ளே ஒரு பெண் குடியிருக்கிறாள் என்று தெரிந்தேதான் வாங்கினார் என்பதைக் காட்ட வேண்டும். நீதிபதியம்மா அதைக் கூர்ந்து கேட்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி, மேசையின் மேல் சாய்ந்தார். அப்பாவின் கண்ணோரத்தில் பட்டது கண்ணாடி கழன்றதும் தோள் இறங்கியதும் மட்டும்தான். கை தானாகப் போயிற்று. ஓரடி வைத்து நாற்காலியைப் பிடித்து இழுத்தார்.

வக்கீல் அந்தக் கையைப் பார்த்தார். வாக்கியத்தைப் பாதியில் முடித்து, அவ்வளவுதான் என்று தலைகுனிந்து காகிதங்களை அடுக்கினார். கூடம் எழுந்து நின்றது. அத்தையும் ஒன்றும் புரியாமல் எல்லோரோடும் எழுந்தாள்.

நீதிபதியம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். அப்பா அவருடைய முகத்தை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

“என்னப்பா?” என்று மெதுவாகக் கேட்டார்.

தவறாக நினைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், வக்கீல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருப்பார். அதை அத்தை பிறகு பலமுறை சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அது அப்போது தோன்றவில்லை. நாட்கணக்கில் தொண்டையில் நின்றதுதான் வந்தது.

“அது என் தங்கச்சிம்மா.”

நீதிபதியம்மா கடைசி வரிசையைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், வழக்கை வேறு கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். பிறகு எழுந்தார். இந்த முறை நாற்காலி சரியாக நகர்ந்தது.

அங்கியைக் கழற்றும்போது, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொன்னா நீங்க விலகிடுவீங்கன்னு...”

“இப்பவும் விலகிட்டேனே.” அவர் அங்கியை அப்பாவின் கையில் விட்டார். “அந்த விதியை எழுதறப்போ உங்களை நினைச்சு எழுதலை. இப்ப உங்களுக்காக மாத்தவும் என்னால முடியாது.”

அப்பாமேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்தது. கண்டிப்போடு நின்றுவிட்டது. மறுநாளும் அதே நாற்காலிக்குப் பின்னால்தான் நிறுத்தினார்கள். எங்கேயாவது மாற்றிப் போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கத்துக் கூடத்தில் தீர்ப்பு சொன்ன அன்று அப்பாவால் போக முடியவில்லை. இரண்டு கூடங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் ஏதோ வரி வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சுவருக்கு அப்பால் பெஞ்சுகள் நகரும் சத்தம், ஆட்கள் எழும் சத்தம். அங்கே முடிந்துவிட்டது. என்ன முடிந்தது என்று தெரியாது. நீதிபதியம்மாவின் தோளும் அந்தச் சத்தத்தில் ஒரு கணம் நிமிர்ந்ததாம். ஆனால் அவர் திரும்பவில்லை. வரி வக்கீல் பேசிக்கொண்டே இருந்தார். அப்பாவின் கை பக்கவாட்டிலேயே இருந்தது. அந்தக் கையை நாற்காலியில் வைத்தால் அந்த ஆள் வாயை மூடிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். வைக்கவில்லை.

மதிய இடைவேளையில் வெளியே வந்தபோது அத்தை தாழ்வாரத்துப் பெஞ்சில் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கூடத்து டவாலி அவளுக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சிரிக்காமல் நின்றிருந்தார். அந்தச் சிரிக்காத முகத்திலேயே அப்பாவுக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது.

அத்தை இப்போது எங்களோடு இருக்கிறாள். என் அறையில் பாதி அவளுடைய பாத்திரப் பெட்டிகள். அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு எடுக்கிறாள். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் இல்லை. தண்ணீர் வந்ததா, மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள்.

நேற்று அத்தை சாப்பிட்டு எழப் போனாள். அப்பாவின் கை வழக்கம்போல அவளுடைய நாற்காலியின் முதுகுக்குப் போயிற்று. அத்தை திரும்பிப் பார்க்காமல், எழாமல், மறுபடி நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

“கையை எடு அண்ணா. நான் இன்னும் முடிக்கலை” என்றாள்.

அவளுடைய தட்டு காலியாக இருந்தது. அப்பா கையை எடுத்தார். ஆனால் பின்னால் நகர மறந்து, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.