போர் போட்ட ஊர்களின் பெயரில்

பழைய கணினியிலிருந்த என் மின்னூல்களை மகள் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கப்பா, ஃபோல்டரெல்லாம் ஊர்ப் பேரா இருக்குது? எழுத்தாளர் பேர்ல அடுக்கிடட்டுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் போர் போடப் போன ஊர்கள் அவை. எந்த ஊரில் படித்தேனோ அந்தப் பெயரில் போட்டுவைப்பேன். தண்ணீர் பீறிட்ட ஊரில் ஒரு புத்தகம் முடிவதற்குள் கிளம்பிவிடுவோம். புழுதி மட்டும் பறந்தால், நிலத்துக்காரர் அடுத்த இடம் பார்க்கும்வரை வண்டி நிழலில் படுத்துப் போனில் படித்துக்கொண்டிருப்பேன்.

"ராய்ச்சூர்ல மட்டும் பதினொண்ணு இருக்குதுங்கப்பா."

"அங்க மூணு போர்லயும் சொட்டுத் தண்ணி வரல சாமி. அப்பவும் அந்த நிலத்துக்காரரு எங்களுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்புனாரு. அந்தப் பேரை எடுத்துப்போடாத."