லீக்ஸ் தோட்டத்தை மறைத்த நாள்

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். நிலத்தின் புதுச் சொந்தக்காரி சனிக்கிழமை வருகிறார் என்று கிழவர் சொன்ன நேரத்திலிருந்து அப்படித்தான்.

கிழவர் என்பது முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு முன்னால் ஐயா. ஸ்கொட்லாந்துக்காரர். மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊருக்குப் பக்கத்தில், குத்தகை நிலத்தில் லீக்ஸும் பீட்ரூட்டும் கரட்டும் போட்டு ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடைக்குக் கொடுத்துவந்தார். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, எனக்கு அது அங்கே இரண்டாவது கோடை. நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து விடிய ஒரு வான் எங்களை ஏற்றிக்கொண்டு போகும். என்னுடன் வேலை செய்த அக்கா அங்கே பழைய ஆள், ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்கள் இரண்டு பேரையும் கிழவர் 'லாஸ்' என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் ஊரில் பெட்டை, அதாவது சின்னப் பெண் என்று அர்த்தமாம். "என்ரை மருமகன் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான்" என்பார் அக்கா. கிழவருடைய ஆங்கிலம் எனக்கு அரைவாசிதான் பிடிபடும். மிச்சத்தை அக்காதான் எங்கள் பாஷையில் சொல்வார், உப்புப் புளி போட்டு.

நிலத்தின் பழைய சொந்தக்காரர் வசந்தகாலத்தில் இறந்துபோனார். டவுன்டவுனில் பல் வைத்தியம் பார்க்கும் மகளுக்கு நிலம் போயிற்று. குத்தகை பனிக்கு முன்னர் முடிகிறது. அவர் நீட்டித் தராவிட்டால் எழுபது வயதில் கிழவர் எங்கே போவார்? எங்கள் வேலையும் அத்தோடு சரி.

நானாக இருந்தால் வீட்டைக் கூட்டிக் கழுவிக் கோலம் போடாத குறையாக வைத்திருப்பேன். கிழவர் நேர்மாறாகச் செய்தார். வெள்ளிக்கிழமை முற்றத்தைக் கூட்ட வேண்டாம் என்றார். புது டிராக்டரை மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார். தண்ணீர்ப் பம்பின் மேல் பழைய தறப்பாளைப் போட்டு மூடச் சொன்னார். உடைந்த வண்டிலை இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார். மரவரிசைக்கு அப்பால் கைத்தடி மொத்தத்தில் லீக்ஸ் நின்ற பெரிய துண்டின் பக்கம் நாளைக்கு யாரும் போகக் கூடாது என்றார்.

"பொம்பிளை பாக்க வாற வீட்டில பெட்டையை ஒளிச்சு வைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா. "கேட்டுப் பாருங்கோவன் அக்கா" என்றேன். தேநீர் நேரம் கொட்டிலுக்குள் வைத்துக் கிழவரிடம் கேட்டார்.

கிழவர் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். அக்கா சொல்லச் சொல்ல நான் கேட்டேன்.

"இவரின்ரை பூட்டனார் ஒரு பெரிய துரையின்ரை காணியைக் குத்தகைக்குச் செய்தவராம். ஒரு வருசம் விளைச்சல் நல்லம் எண்டு போட்டு யன்னலுக்குக் கண்ணாடி போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் அடிச்சாராம். துரையின்ரை காரியஸ்தர் வந்து பாத்திட்டு, 'ஓ, உனக்குக் கண்ணாடி போடக் காசிருக்கோ' எண்டு குத்தகையைக் கூட்டிப்போட்டாராம். கட்ட ஏலாமல் மனுசன் காணியை விட்டிட்டு வெளிக்கிட்டதாம்."

"பேந்து?"

"பேந்து என்ன, அந்தக் குடும்பத்தில ஒருத்தரும் நல்லதை வெளியில காட்டுறேல்லை. காரியஸ்தர் வாற நாளில நல்ல குதிரையை மலைக்கு அங்கால கொண்டுபோய்க் கட்டிப்போடுவினமாம். அண்டைக்கு வீட்டில ஒருத்தரும் சிரிக்கவும் மாட்டினமாம்."

சிரிக்கவும் மாட்டார்கள் என்ற அந்தச் சொல் இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது. எனக்கு அது விளங்கியது. புதுவீடு கட்டினால் பார்க்கிறவர் கண்பட்டு நாவூறு படும் என்று வெருளிப் பொம்மை கட்டித் தொங்கவிடுகிற ஊரிலிருந்து வந்தவள் நான்.

"கனடாவில காணி வாங்கலாமே, ஏன் இன்னும் குத்தகை?" என்று அக்கா விடாமல் கேட்டார். "எங்கள் வீட்டில் வாங்கத் தெரிந்தவர் யாரும் இருந்ததில்லை" என்றார் கிழவர்.

சனிக்கிழமை அந்தப் பல் வைத்தியர் அம்மா வந்தார். எங்களுக்கும் ஒரு 'போன்ஜூர்' சொன்னார். நல்ல முகம். அதுதான் பிசகாகிப் போயிற்று. கிழவர் முழங்கை கிழிந்த கோட்டைப் போட்டுக்கொண்டு உடைந்த வண்டிலையும், கூட்டாத முற்றத்தையும், முன்பக்கத்தில் பூச்சி தின்ற கரட்டையும் காட்டினார். பார்க்கப் பார்க்க அந்த அம்மாவின் கண் கலங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் கிழவரின் கையைப் பிடித்து, நீங்கள் பட்ட பாடு போதும், இனி ஓய்வெடுங்கள் என்றார். பக்கத்துக் காணிக்காரர் குதிரை விடுவதற்கு இந்த நிலத்தைக் கேட்கிறாராம்.

கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குத்தகையைக் கூட்டுவேன் என்றால் சொல்ல அவரிடம் பதில் இருந்தது. இரக்கப்படுவார்கள் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த அம்மா கார்க் கதவைத் திறந்துவிட்டார். "அக்கா, சொல்லுங்கோவன்" என்று இடித்தேன்.

"சும்மா நில்லடி" என்று என்னை அதட்டிவிட்டு, அக்கா கிழவர் பக்கம் திரும்பித் தன் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்: "ஐயா, லீக்ஸ். லீக்ஸைக் காட்டுங்கோ."

கிழவர் அக்காவை முறைத்தார். பிறகு தரையைப் பார்த்தார். திடீரென்று, அந்த அம்மா பின்னால் வருகிறாரா என்றுகூடப் பார்க்காமல், மரவரிசையை நோக்கி நடந்தார். அந்த அம்மா சேற்றில் சப்பாத்துப் புதையப் பின்னால் போனார். நாங்களும் போனோம்.

கருநீலப் பச்சையாக, வரிசை வரிசையாக நின்றது லீக்ஸ். ஓரத்தில் புது டிராக்டர். களவெடுத்த பொருளைக் காட்டுகிறவர் மாதிரிக் கிழவர் ஒதுங்கி நின்றார்.

அந்த அம்மா ஒரு வரிசையின் முடிவுவரை நடந்து திரும்பி வந்தார். பிறகு கேட்டார்: "இப்படி விளையும் என்றால், அப்பா உங்களிடம் ஏன் இவ்வளவு குறைவாகக் குத்தகை வாங்கினார்?"

"வந்திட்டுது" என்று முணுமுணுத்தார் அக்கா.

நான் கிழவரின் முகத்தைப் பார்த்தேன். விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். இந்தக் கேள்வி அவருக்குத் தெரியும். நாலு தலைமுறையாக அந்த வீட்டில் பதில் தயாராக இருக்கிற கேள்வி. மழை, உரவிலை, பம்பின் டீசல், கூலி என்று தொடங்கினார். அந்த அம்மாவும் விடவில்லை. பல் பிடுங்குகிற கை அல்லவா. பாத்திக்கு நடுவே நின்று இரண்டு பேரும் ஏற்றி இறக்கிப் பேசினார்கள். முடிவில் குத்தகை கூடியது. காலம் ஒரு வருடம் மட்டும். குதிரைக்காரருக்கு அந்த அம்மா இன்னும் முடியாது என்று சொல்லவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

கார் போன பிறகு கிழவர் அக்காவிடம் திரும்பினார். "என்னுடைய பூட்டனாக இருந்தால் உன்னை இன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்."

"உங்கடை பூட்டனிட்டை நான் வேலைக்கே போயிருக்க மாட்டன்" என்றார் அக்கா, தமிழில்.

ஒக்டோபரில் உள்ளிப்பூட்டைப் பல் பல்லாகப் பிரித்து ஊன்றினோம். பனிக்குக் கீழே கிடந்து அடுத்த கோடையில்தான் எடுக்க வரும். "அந்த அம்மா அதுக்குள்ள மனம் மாறினால், அக்கா?" என்று கேட்டேன். "கதையாமல் ஊண்டு" என்றார். ஆனால் தெருவில் ஏதாவது கார் வேகத்தைக் குறைத்தால், மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அது போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த பல்லை மண்ணுக்குள் வைத்தோம்.